ஒன்றரைச் சுற்று

தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் எனக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. விபத்தில் சிக்கிய லாரி, பஸ், வேன் எல்லாம் என் கொட்டகைக்கு வரும். பிரேக்கா, டயரா, ஓட்டுநரா என்று பார்த்து, படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் நான் எழுத வேண்டும். ஒரு வண்டிக்கு நான்கு நாளாவது எடுத்துக்கொள்வேன். அந்த அக்கா அதே வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். "என் தப்புதான்" என்பார். கோப்பு மூடப்பட்டது.

மூடப்பட்டதா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவரை நான் சந்தித்தது மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில், ஒரு மின்விசிறி பழுதுபார்க்கும் கடையின் மாடியில். கடைக்காரர் சீனர்; முதலாளி என்ற பொருளில் ‘தவுக்கே’ என்றே கூப்பிடுவோம். அவருடைய அப்பா பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆகையால் தவுக்கே பேசும் தமிழ் சுத்தமான தோட்டத்துத் தமிழ். என்னுடையதைவிட நன்றாக இருக்கும். மாடி முழுக்க அவர் பலகையில் ஓர் ஓட்டப்பாதை போட்டிருந்தார். நான்கு தடம். ஒவ்வொரு தடத்திலும் ஒரு காடி, நீளமான பள்ளக் கோடு. காடியின் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. அதில் ஓடுவது உள்ளங்கை அளவுக் கார்கள். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்னத் தகடு காடிக்குள் இறங்கி நிற்கும். கையில் உள்ள கண்ட்ரோலரின் விசையை அழுத்தினால் கார் ஓடும், விட்டால் நிற்கும். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் பின்பக்கம் வீசி, தகடு காடியைவிட்டு எழும்பி, கார் பலகைக்கு வெளியே போய் விழும். விளையாட்டு அவ்வளவுதான். அறுபது வயதைக் கடந்த ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை மதியம் தோறும் இதற்காகக் கூடினோம். எல்லாம் நாங்கள் சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பழைய மாடல்கள்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், அங்கே விதிமுறை என்று ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டு அதிர்ந்து, பதினோரு பக்கத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். படித்தவன் நான் ஒருவன்தான். அதன்படி போட்டிக்கு முன் கார்களைப் பரிசோதித்து, ஸ்குருத் தலையில் சிவப்புப் புள்ளி வைக்கும் அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

அக்கா ஒருநாள் தன் மேசை விசிறியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். மேலே சத்தம் கேட்டு ஏறி வந்தார். பழைய தொழிற்சாலைச் சட்டை, நீல நிறம், இரண்டு பெரிய பை. பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை; என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அடிக்கடி விழுந்துகொண்டிருந்த ஒரு காரைக் காட்டி, "அதோட கம்பி சரியா ஒக்காரலியே" என்றார். காருக்கு அடியில், பட்டையில் உரசி மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னலைச் சொன்னார். கொடுத்தோம். நகத்தால் நீவி, இரண்டு பின்னலையும் ஒரே மட்டத்தில் தட்டையாக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தக் கார் அன்று விழவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே மணல் தாள், தூண்டில் ஈயம், நகப்பூச்சு, ஓர் ஊசி மூக்குக் குறடு. விசிறியை அவர் திரும்ப வாங்கிப் போனதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய அந்த ‘என் தப்பு’ பழக்கத்தை நான் முதலில் பார்த்தது ஒரு கோப்பிக் குவளையால். எங்கள் உறுப்பினரான பல் டாக்டரின் குவளை ஓட்டப்பாதையில் கவிழ்ந்து, ஒரு தடம் புகைந்துபோயிற்று. நான் தட்டிவிட்டதாக டாக்டர் சொன்னார். குவளையை அங்கே வைத்ததே விதி நான்கின்படி குற்றம் என்று நான் சொன்னேன். யார் எங்கே நின்றார்கள் என்று படம் வரையத் தொடங்கியிருந்தேன். அக்கா துணியோடு வந்து, "நான்தான் அந்தக் கோப்பிய ஓரமா எடுத்து வச்சிருக்கணும். என் தப்பு" என்று துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அப்போது மாடியிலேயே இல்லை. கீழே கடையில் இருந்தார். டாக்டர் உடனே தலையைச் சொறிந்து, குவளை தன்னுடையதுதான் என்றார். ஐந்து நிமிடத்தில் மற்ற மூன்று தடங்களில் கார் ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பாதிப் படத்தோடு நின்றேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்காக விசாரித்தால் ஒழுங்காக ஒரு குற்றவாளி கிடைப்பார். அதை விட்டுவிட்டு இதென்ன. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பேசிக்கொண்டே டயரைத் தேய்த்தார். மோட்டாரை ஓடவிட்டு, சுழலும் டயரை மணல் தாளில் லேசாக வைத்து, மேடு பள்ளம் இல்லாமல் வட்டமாக்குவது. பாதிச் சொற்கள் அந்த இரைச்சலில் போயின. கிடைத்தது இவ்வளவு: தோட்டத்திலிருந்து பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, முடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லுகளில் ஒட்டும் வேலை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு தட்டு முழுக்க ரிஜெக்ட் ஆகும். மேலாளர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, யார் என்று கேட்பார்.

"யாருன்னு தேட ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஆகும் சார். அதுக்குள்ள பஸ்ஸு போயிரும். நாப்பது பிள்ளைங்க தோட்டத்துக்கு எப்படிப் போறது? நான்தான்னு சொன்னா ரெண்டு நிமிசம்லா."

"உங்க ரெக்கார்டுல எழுதியிருப்பாங்களே."

"எழுதுனாங்க. லீடர் வேலை குடுக்கல. பஸ்ஸு கெடச்சிச்சு."

உண்மையில் தப்புச் செய்தவள் திருந்தவே மாட்டாளே என்றேன். அவர் மோட்டாரை நிறுத்தி, டயரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாதா சார்? மறுநாள் அவளே எல்லாத்தையும் ரெண்டு தடவ பார்ப்பா" என்றார். இதை நான் நம்பவில்லை. மனிதர்களைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் வேறு மாதிரி.

அவர் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. சரிசெய்வதோடு சரி. அதிலும் ஒரு விசித்திரம்: கார் ஓடும்போது காரைப் பார்க்கமாட்டார். ஓட்டுகிறவரின் கையைத்தான் பார்ப்பார். இரண்டு மூன்று வாரம் கையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காரைக் கேட்டு வாங்குவார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் காரில் எத்தனை கிராம் ஈயம், எந்த இடத்தில், டயர் விட்டம் எவ்வளவு என்று குறித்துவந்தேன். டாக்டரின் காருக்கு அவர் செய்ததை அப்படியே அதே மாடல் இன்னொரு காரில் செய்து நான் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் சுவரில் மோதியது. குறிப்பில் பிழை இல்லை. நான்கு முறை சரிபார்த்தேன்.

என் கையையும் பார்த்தார். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. தளர்ந்திருக்கும் எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூக்குக் கண்ணாடியின் காது, கதவுக் கைப்பிடி, சோற்றுச் சட்டி மூடியின் குமிழ், எல்லாவற்றையும் இறுக்குவேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரு டிரைவரும் ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கும். ஓட்டும் முன் என் காரின் ஸ்குருக்களை ஒவ்வொரு வாரமும் நிற்கும் வரை இறுக்குவேன். அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "தீர்ந்துபோன பேனா இருந்தா தூக்கிப் போடாதீங்க சார், எனக்குக் குடுங்க" என்றார். கொடுத்தேன். என் காரையும் வாங்கிப் போய் மறுவாரம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அது விழுந்ததே அரிது. அதற்குப் பின்னும் வாராவாரம் இறுக்கினேன். காரின் மேல்கூடு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பழைய பிளாஸ்டிக், அதன் வயதுக்கு ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். ஸ்குரு நின்றுவிட்டால் வேலை முடிந்தது. அது என் கொட்டகையின் நெறி.

இனி தவுக்கேயின் கை.

முதலில் வலது கட்டைவிரல் மட்டும் நடுங்கியது. பிறகு மணிக்கட்டு வரை. மருத்துவமனையில் ஒரு நோயின் பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். விசையின் மேல் விரல் நிற்காது. காருக்கு மின்சாரம் துடித்துத் துடித்துப் போகும். ஒவ்வொரு வளைவிலும் விழுந்தது. தன் சொந்த ஓட்டப்பாதையில், தன் சொந்தப் பிள்ளையைப் போல வைத்திருந்த ஒரு பச்சைக் கார். அவர் கார் விழுந்தால் நாங்கள் ஆறுதலுக்குக் கைதட்ட ஆரம்பித்தோம். அதுதான் அவரை உள்ளுக்குள் நொறுக்கியது என்று நினைக்கிறேன். ஒருநாள் சொன்னார்: "இந்த வருசப் போட்டில இருவது சுத்து. ஒரு தடவ விழலாம். ரெண்டாவது தடவ விழுந்தா நான் இத தொடமாட்டேன். யாரும் கைதட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா நான்கு சனிக்கிழமை அவர் கைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுங்கும் விரலைப் பார்த்து, தன் விரலால் தொடையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு காரை வாங்கிப் போனார். இடையில் அவருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை. கருப்புக் கண்ணாடியோடு வந்து காரைத் திருப்பிக் கொடுத்தார். போட்டிக்கு முந்தைய வாரம் தவுக்கே அதை ஓட்டிப் பார்த்தார். பதினேழு சுற்று. விழவில்லை. யாரும் கைதட்டவில்லை. அவர் கண்ட்ரோலரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டி அன்று கார்கள் என் மேசைக்கு வந்தன. காகிதக் கவ்வியைக் காட்டி அடியில் காந்தம் இல்லை என்று பார்க்க வேண்டும், தராசில் வைக்க வேண்டும், ஸ்குருக்களைப் பார்க்க வேண்டும். தவுக்கேயின் பச்சைக் காரைக் காதோரம் குலுக்கினேன். கடகடவென்றது. கூட்டைத் தாங்கும் ஸ்குரு இரண்டு. முன்னது சரி, பின்னது தளர்ந்து கிடந்தது.

விதி ஏழு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது. பரிசோதகர் எந்தக் காரிலும் எதையும் மாற்றக் கூடாது. ஏற்கலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு லாரியின் ஒரு நட்டைக்கூட நான் தொட்டதில்லை. ‘காகால்’ என்று தோல்வி முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன். போய்ச் சரிசெய்துகொண்டு வரட்டும். அன்று அப்படிச் செய்திருந்தால் கார் அக்காவிடம் போயிருக்கும், அவரும் ஏன் என்று சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு அன்று பார்த்து இரக்கம் வந்தது. பாவம், ஒற்றைக் கண்ணோடு வேலை செய்தவர், விட்டுவிட்டார் போல. எல்லோர் முன்னிலையிலும் ஏன் அவமானப்படுத்த வேண்டும்? ஸ்குரு டிரைவரை எடுத்தேன். ஒன்றரைச் சுற்று. நின்றது. சிவப்புப் புள்ளி வைத்தேன்.

இரண்டாவது சுற்றில், முதல் வளைவில், பச்சைக் கார் விழுந்தது. எடுத்து வைத்தோம். நான்காவது சுற்றில் அதே வளைவில் மறுபடி விழுந்து, உருண்டு, கவிழ்ந்து கிடந்தது. யாரும் கைதட்டவில்லை. தவுக்கே கண்ட்ரோலரின் ஒயரை மெதுவாகச் சுருட்டினார். கை நடுங்கியதால் அதற்கு வெகுநேரம் பிடித்தது. சுருட்டிக் கட்டி அலமாரியில் வைத்தார்.

அக்கா காரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி, "கடைசியா ஒரு தடவ ஸ்குருவ இறுக்கிட்டேன். இறுக்கியிருக்கக் கூடாது. என் தப்பு தவுக்கே" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் நான் நம்பாத அந்தத் தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தியாக வரிசையில் நின்றேன். பஸ்ஸும் கிடைத்தது. வீட்டுக்குப் போனேன்.

பிறகு வழக்கம்போல் விசாரணையைத் தொடங்கினேன். தவுக்கே காரை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். படித்துப் பார்த்தேன்: பழைய கார்களில் கூட்டின் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தி விடுவார்களாம். வளைவில் கூடு தனியாக ஆடி வேகத்தை வாங்கிக்கொள்ளும், அடித்தட்டு பலகையோடு நிற்கும். சரி. ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி ஓட்டினேன், விழவில்லை. இறுக்கி ஓட்டினேன், அப்போதும் விழவில்லை. என் கை நடுங்குவதில்லையே. அத்தோடு, என் சொந்தக் காரை வாரம் தவறாமல் இறுக்குகிறேன், அது விழுவதே இல்லை. அப்படியானால் ஸ்குரு காரணம் இல்லை, அன்று கைதான் மோசமாக இருந்தது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். மறுநாள் அந்த முடிவு நிற்கவில்லை. அதற்கு மறுநாள் நின்றது.

இரண்டு மாதம் கழித்து அக்காவைப் பார்க்க பத்து காஜா போனேன். பாகான் செராயில் தங்கை வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. வீடெங்கும் அட்டைப் பெட்டி. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இரண்டு சாத்தியங்களை எடுத்துச் சொல்லி அவருடைய கருத்தைப் பெறப் போனேன். முதல் சாத்தியத்தைப் பாதி சொல்லும்போதே, "நீங்க இறுக்குனது தெரியும் சார்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நான் விட்டப்ப ஸ்குருத் தலை கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் உள்ள அமுங்கி நின்னுச்சு. மேல உங்க சிவப்புப் புள்ளி."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவர் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "என் தப்புதானே சார். தவுக்கே கைய நாலு வாரம் பார்த்தேன். அந்தக் கார் அவர் கைக்குப் போறதுக்கு முன்னால உங்க கைக்குப் போகும்னு எனக்குத் தெரியும்ல. உங்க கையையும் சேர்த்து யோசிச்சிருக்கணும். கண்ணு வலியில விட்டுட்டேன்."

மன்னித்தாரா, அறைந்தாரா? இப்படி ஓர் அறிக்கையை நான் வாசித்ததே இல்லை. என் காரையும் வாராவாரம் இறுக்குகிறேனே, அது மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்டேன். முதல் தடவையாகச் சிரித்தார். "உங்க கார் அப்படிலா" என்று அடுத்த பெட்டியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பால் இல்லாமல் தே ஓ போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். அவருடைய கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடும் அளவுக்கு ஒரு கேள்வியை இன்னும் சரியாக வடிவமைக்கவில்லை.

தவுக்கே ஓட்டுவதை நிறுத்தினார், வருவதை நிறுத்தவில்லை. முதல் வளைவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் கார் விழுந்தால் எடுத்து வைப்பார். நடுங்கும் கையால் அந்தச் சின்னத் தகட்டைக் காடியில் இறக்க மூன்று நான்கு முறை முயல வேண்டும். நாங்கள் எல்லோரும் விசையை விட்டுவிட்டுக் காத்திருப்போம். மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

போன மாதம் என் காரின் மோட்டார் கருகிவிட்டது. அக்கா அதைச் சரிசெய்து கொடுத்த பிறகு நான் அதன் கூட்டைத் திறந்ததே இல்லை, இறுக்கத்தானே செய்தேன். மேசை விளக்கடியில் ஸ்குருவைக் கழற்றினேன். அதோடு சேர்ந்து ஒரு சின்ன வளையம் வந்து உள்ளங்கையில் விழுந்தது. பேனாவின் மைக்குழாயை அரிசி மணி நீளத்துக்கு அறுத்துச் செய்தது. உள்சுவரில் சிவப்பு மை காய்ந்திருந்தது.

ஸ்குரு அந்த வளையத்தில் முட்டி நின்றிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் வளையத்தில்தான் நிற்கும். கூடு ஆட வேண்டிய அளவு ஆடிக்கொண்டே இருக்கும். நான் வாராவாரம் பெருமையோடு இறுக்கி முடித்த இடம், அவர் எனக்காக விட்டுவைத்த இடம். இறுக்கிவிடுவான் என்று தெரிந்து செய்த கார். அப்படியானால் பச்சைக் காரைப் பற்றி அவர் சொன்னது அடக்கமும் இல்லை, நாகரிகமும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தப்பு அவருடையதுதானா? இறுக்கியது நான். ஒன்பதாவது கட்டத்தில் என்ன எழுதுவதென்று மதியம் வரை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் இப்போதைய பேனாவை, மை பாதி இருக்கும்போதே, உடைத்தேன். அக்காவின் வளையத்தை அளவு வைத்து இன்னொன்று அறுத்து, பச்சைக் காரின் பின் ஸ்குருவில் கோத்தேன். விரலெல்லாம் சிவப்பு. சனிக்கிழமை தவுக்கேயிடம் கொண்டுபோய் வைத்து, மூன்று வருடத்துக்கு முன் போட்டி மேசையில் நான் செய்ததைச் சொன்னேன். என் தப்பு என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தவுக்கே காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எப்படி சார்? அக்கா அன்னைக்கே அவங்க தப்புன்னு சொல்லிட்டாங்களே. முடிஞ்சு போச்சுலா."

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கண்ட்ரோலரை எடுத்து, கட்டிய ஒயரைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். அந்த முடிச்சு வெகு இறுக்கம். வாங்கி அவிழ்த்துக் கொடுத்தேன்.